மாறும் மின்னோட்டமும் மொத்த மின்னூட்டமும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் எம்மைப் பேச அழைத்தபோது, வரலாறு பற்றிப் பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். யாம் கலைப் பட்டதாரி. வரலாறு கற்பித்துத் தலைமையாசிரியர் ஆனவர். ஆயினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் மின்னியல் கணக்கு ஒன்றாகும். நேரத்திற்கு நேரம் மாறுகின்ற மின்னோட்டத்திலிருந்து, கடந்து சென்ற மொத்த மின்னூட்டத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதே அது. வரலாற்று ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு விடை சொல்ல, எம் தந்தையாரின் கூலிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எமக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். காட்டுமன்னார்கோயில் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஓர் அறுவடையின்போது எம் தந்தையார் ஆறு நாள் உழைத்தார். கூலி நெல்லாகவே அளக்கப்பட்ட காலம் அது. நாளொன்றுக்கு 2 மரக்கால் என்றும், இரவிலும் போரடித்தால் கூடுதல் என்றும் பேச்சு. முதல் நாள் 2, அடுத்த இரு நாளும் 3, அதற்கடுத்த இரு நாளும் 4, கடைசி நாள் 2 என ஆறு நாளுக்கும் சேர வேண்டியது 18 மரக்கால். அதாவது ஒன்றரைக் கலம். களத்தில் கணக்கு எழுதியவர், “நாளுக்கு 2, ஆறு நாளுக்கு 12, ஒரு கலம்” என்று சொல்லி அளந்துவிட்டார். குறைந்திருக்கிறது என்பது தந்தையாருக்குத் தெரிந்தது. எவ்வளவு குறைந்தது என்பதைக் களத்தில் நின்று எடுத்துச் சொல்ல அவரால் இயலவில்லை. சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அன்றிரவு சிமினி விளக்கின் முன் அமர்ந்து விரல் விட்டு எண்ணி, “அரைக்கலம் போச்சுடா” என்று எம்மிடம் சொன்னார்.

மாறுகின்ற அளவு ஒன்றின் மொத்தத்தைக் காண, ஒரே நாளின் அளவை எடுத்து நாட்களால் பெருக்கினால் விடை பிழைபடும். அப்பிழை எப்போதும் வலியவன் பக்கமே சாயும். இந்தப் பாடத்தை யாம் முதலில் கற்றது பள்ளியில் அன்று; அக்களத்து மேட்டில்தான்.

இரண்டாம் நிகழ்ச்சி பல்லாண்டு கழித்து நடந்தது. யாம் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியர் இடம் சில திங்கள் காலியாயிருந்தது. வகுப்பு வீணாகக் கூடாதே என்று பாடநூலைக் கையில் எடுத்துக்கொண்டு யாமே வகுப்பிற்குள் சென்றோம். மின்னோட்டத்தைக் காலத்தால் பெருக்கினால் மின்னூட்டம் என்று நூலில் உள்ளபடி எழுதிப் போட்டோம். நம் குடியிருப்பிலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால் எந்த எண்ணைப் பெருக்குவது?” என்று கேட்டாள்.

எமக்கு விடை தெரியவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். அதை வகுப்பின் முன் ஒப்புக்கொள்ள நாணமாகத்தான் இருந்தது. பத்தாம் வகுப்பு முடித்தபோது, “கணக்கு உனக்கு வராது, வரலாறு எடு” என்று ஒருவர் சொன்ன சொல்லை நம்பி விலகி வந்தவர் யாம். நாற்பதைக் கடந்த வயதில், பக்கத்துப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் மாலை தோறும் அமர்ந்து அக்கணக்கைக் கற்றோம். கற்று முடித்தபோது, அது எம் தந்தையாரின் மரக்கால் கணக்கே என்று கண்டோம். அம்மாணவி கேட்ட வினாவிற்கு யாம் கற்ற விடையை இங்கே உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மின்னூட்டம் என்பது மின்சாரத்தின் அளவு. அதன் அலகு கூலூம். மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள விசையின் விதியை 1785-இல் அளந்து காட்டிய பிரெஞ்சு அறிஞர் கூலூமின் பெயர் அது. ஒரு கூலூம் என்பது ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மாறா எண்ணாக நிலைநிறுத்தி, அதைக்கொண்டு அலகுகளை வரையறுக்கும் முறை 2019 மே 20 முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்துள்ளது. மின்னோட்டம் என்பது அம்மின்னூட்டம் செல்லும் வீதம். வினாடிக்கு ஒரு கூலூம் சென்றால் அது ஓர் ஆம்பியர்.

இதனை நம் வீராணம் ஏரியைக்கொண்டு எளிதில் உணரலாம். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டப்பட்ட கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. “வினாடிக்கு இத்தனை கன அடி வருகிறது” என்று செய்தியில் கேட்கிறோமே, அது வீதம், மின்னோட்டத்தைப் போன்றது. “ஏரியில் இத்தனை மில்லியன் கன அடி இருக்கிறது” என்பது அளவு, மின்னூட்டத்தைப் போன்றது. வீதம் வேறு, அளவு வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே மாணவர்கள் செய்யும் முதற்பிழை.

ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி மாறாமல் வருகிறது என்று கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். ஆகவே ஒரு நாளில் வருவது 86.4 மில்லியன் கன அடி. வெளியே ஒரு சொட்டும் செல்லாவிட்டால், வெற்று ஏரி நிரம்ப ஏறத்தாழ 17 நாட்கள் ஆகும். இது பெருக்கல் கணக்கு. வீதம் மாறாதபோது மட்டுமே செல்லும்.

ஆனால் வடவாறு நாள்தோறும் ஒரே அளவில் ஓடுவதில்லை. ஐந்து நாட்களில் 400, 700, 1,200, 1,500, 900 கன அடி என்று வந்ததாகக் கொள்வோம். இப்போது எந்த எண்ணைப் பெருக்குவது? முதல் நாள் அளவையா, கடைசி நாள் அளவையா? எதுவும் பொருந்தாது. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும். ஐந்தின் கூடுதல் 4,700. அதனை 86,400-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 406 மில்லியன் கன அடி. வெளியேறும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டுமானால் அதைக் கழித்தற் குறியுடன் சேர்க்க வேண்டும். 2004-இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தில் சென்னைக்கு வகுத்த அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். வீதமாகச் சொன்னால் வினாடிக்கு ஏறத்தாழ 74 கன அடி. வரவு கூட்டல், செலவு கழித்தல், எஞ்சுவது இருப்பு.

மின்னோட்டத்திற்கும் இதுவே முறை. மாறாத மின்னோட்டம் எளிது. 2 ஆம்பியர் 5 நிமிடம் சென்றால், 300 வினாடிக்கு 600 கூலூம். வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் காலத்தையும் நெடுக்கோட்டில் மின்னோட்டத்தையும் குறித்தால், அது உயரம் 2, அகலம் 300 கொண்ட செவ்வகம். அதன் பரப்பே மின்னூட்டம். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: வரைகோட்டின் கீழுள்ள பரப்பே மின்னூட்டம். மீதியெல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

மின்னோட்டம் சுழியிலிருந்து சீராக உயர்ந்து 10 வினாடியில் 6 ஆம்பியரை எட்டுகிறது என்போம். அவசரக்காரன் ஆறைப் பத்தால் பெருக்கி 60 கூலூம் என்பான். வரைந்து பார்த்தால் அது செவ்வகம் அன்று, முக்கோணம். அடி 10, உயரம் 6. பரப்பு பாதி பெருக்கம், 30 கூலூம். அவசரக்காரனுடைய விடை இருமடங்கு பிழை.

இனி உண்மையான தொழிலுக்கு வருவோம். டிராக்டர் பேட்டரியைச் சார்ஜ் போடும் கடையில் நம் இளைஞர் சிலர் வேலை செய்கின்றனர். இறங்கிய பேட்டரி தொடக்கத்தில் மிகுந்த மின்னோட்டத்தை வாங்கும். நிரம்ப நிரம்பக் குறைத்துக்கொள்ளும். அம்மீட்டரைத் தொடக்கத்திலும், பின் மணிக்கொரு முறையும் பார்த்து எழுதியபோது 10, 8, 6, 5, 4, 3 ஆம்பியர் என்று வந்ததாகக் கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் ஏறிய மின்னூட்டம் எவ்வளவு?

ஒவ்வொரு மணியின் தொடக்க அளவே அம்மணி முழுவதும் இருந்தது என்று கொண்டால், 10, 8, 6, 5, 4 சேர்ந்து 33 ஆம்பியர் மணி. மின்னோட்டம் குறைந்துகொண்டே வருவதால் இது உண்மையினும் மிகுதி. ஒவ்வொரு மணியின் இறுதி அளவைக் கொண்டால், 8, 6, 5, 4, 3 சேர்ந்து 26 ஆம்பியர் மணி. இது உண்மையினும் குறைவு. ஆகவே உண்மை விடை 26-க்கும் 33-க்கும் இடையே உள்ளது, இதில் ஐயமில்லை. இரண்டின் சராசரி 29.5. ஒவ்வொரு மணித் துண்டையும் சரிவகமாகக் கொண்டு பரப்புக் கண்டாலும் இதே 29.5 ஆம்பியர் மணி வரும். ஓர் ஆம்பியர் மணி 3,600 கூலூம் ஆதலால், இது 1,06,200 கூலூம். ஏற்றியது முழுவதும் பேட்டரியிலிருந்து திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி வீணாகும். அது வேறு கணக்கு.

“26-க்கும் 33-க்கும் இடையே என்பது பரந்த இடைவெளி ஆயிற்றே” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த இடைவெளி 7. அது எங்கிருந்து வந்தது? தொடக்க அளவு 10, இறுதி அளவு 3, வேறுபாடு 7. அதனை ஒரு மணி என்னும் துண்டின் அகலத்தால் பெருக்கினால் 7. அரை மணிக்கொரு முறை அளந்தால் இடைவெளி 3.5 ஆகச் சுருங்கும். கால் மணிக்கொரு முறை அளந்தால் 1.75. நிமிடத்திற்கொரு முறை அளந்தால் 0.12-க்கும் குறைவு. துண்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க, மேல் விடையும் கீழ் விடையும் நெருங்கி வந்து ஒரே எண்ணை அணைகின்றன. அவ்வெண்ணே உண்மை விடை.

இளைஞர்களே, தொகை நுண்கணிதம் என்று பெயர் கேட்டே நீங்கள் அஞ்சி ஓடுவது இதுதான். நீண்டு வளைந்த ஒரு குறியைப் பாடநூலில் காண்பீர்கள். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1675-இல் வகுத்த குறி அது. கூடுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லின் முதல் எழுத்தையே அவர் நீட்டி எழுதினார். “கூட்டு” என்பதே அதன் பொருள். மிகச் சிறிய கால அளவு ஒவ்வொன்றிலும் உள்ள மின்னோட்டத்தை அக்காலத்தால் பெருக்கி, வந்ததையெல்லாம் கூட்டு என்று அது நமக்குக் கட்டளையிடுகிறது.

மின்னோட்டம் ஒரு வாய்பாட்டின்படி மாறினால், துண்டு துண்டாகக் கூட்டும் உழைப்பு இன்றியே விடை காணலாம். வினாடியின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் வரும் அளவு ஆம்பியரில் மின்னோட்டம் இருப்பதாகக் கொள்வோம். முதல் இரண்டு வினாடிகளில் சென்ற மின்னூட்டம் எவ்வளவு? விதிப்படி, காலத்தின் கனமே விடை. இரண்டின் கனம் 8 கூலூம். இதை நம்பாதவர் அரை வினாடித் துண்டுகளாக்கிச் சரிபார்க்கலாம். மின்னோட்டம் 0, 0.75, 3, 6.75, 12 என வரும். தொடக்க அளவுகளால் கிடைப்பது 5.25, இறுதி அளவுகளால் கிடைப்பது 11.25, சராசரி 8.25. நான்கே துண்டில் இவ்வளவு நெருங்கிவிட்டோம். விதியை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒருமுறையேனும் இவ்வாறு கையால் செய்து பாருங்கள், அச்சம் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலையும் மாறுதிசை மின்னோட்டம். ஒரு முழு அலையில் முன் சென்ற மின்னூட்டமும் பின் வந்த மின்னூட்டமும் சமமாதலால், நிகர மின்னூட்டம் சுழி. அப்படியாயின் விளக்கு எரிவது எப்படி? ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது; வர்க்கத்தில் கழித்தற் குறி இல்லை. முன் சென்றாலும் பின் வந்தாலும் இழை சூடாகும். எதைக் கூட்டுகிறோம் என்று தெரிந்து கூட்ட வேண்டும் என்பதற்கு இது சான்று.

கணிதம் அறியாத பொருள்களும் இக்கூட்டலைச் செய்கின்றன. மைக்கேல் பாரடே 1830-களில் மின்பகுப்பு விதிகளைக் கண்டார். கரைசலின் வழியே மின்சாரம் செல்லும்போது தகட்டில் படியும் உலோகத்தின் நிறை, சென்ற மொத்த மின்னூட்டத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. படிந்ததை நிறுத்தால் மொத்தம் தெரிந்துவிடும். ஒரு கூலூமுக்குப் படியும் வெள்ளி ஏறத்தாழ 1.118 மில்லிகிராம். ஆகவே 2.236 கிராம் வெள்ளி படிந்திருந்தால், சென்றது 2,000 கூலூம் என்று தயங்காமல் சொல்லலாம். 1880-களில் எடிசன் நியூயார்க்கில் மின்சாரம் விற்றபோது, துத்தநாகத் தகடுகள் கொண்ட மின்கலங்களையே வீடுகளில் மீட்டராக வைத்தார். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் சிறு பங்கு அதன் வழியே செல்லும்; தகட்டை எடுத்து நிறுத்துப் பார்த்துக் கட்டணம் விதித்தனர். இவ்வகை மின்வேதியியல் ஆய்வுக்கென்றே நம் தமிழ்நாட்டில், காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கி வருகிறது. அவ்வாயிலில் நம் பிள்ளைகளும் நுழைய வேண்டும் என்பது எம் ஆசை.

பாரடே யார்? கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்கச் சேர்ந்தவர். தைக்க வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்கு வந்தவர். பிறப்பும் வறுமையும் அறிவுக்கு எல்லை அல்ல என்பதை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நாம் அதற்கு இங்கிலாந்து செல்ல வேண்டியதில்லை. நம் சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்த சுவாமி சகஜானந்தர் அதைச் செயலில் காட்டினார். இதே காட்டுமன்னார்கோயில் மண்ணில் பிறந்த இளையபெருமாள் அவர்கள் 1952-இல் நாடாளுமன்றம் சென்றார். பின்னர்த் தீண்டாமையையும் தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கி, 1969-இல் அறிக்கை அளித்தார். அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக மட்டுமே நாம் அறிவோம். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவான, குறைவற்ற மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்நாட்டு ஏழையின் வறுமை தீராது என்பதை 1943-லேயே அவர் வலியுறுத்தினார்.

நெய்வேலியில் 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. நம் ஊரிலிருந்து எட்டிப் பார்க்கும் தொலைவுதான். ஆயினும் ஊர்த்தெருவில் விளக்கு எரிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே எம் தெருவுக்குக் கம்பம் வந்தது. இன்று வீடுதோறும் விளக்கு இருக்கிறது. அவ்விளக்கின் கணக்கு நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறதா என்பதே எம் வினா. மேல்நிலை வகுப்பில் கணிதப் பிரிவை நம் பிள்ளைகள் தவிர்ப்பதை யாம் ஆண்டுதோறும் சேர்க்கை மேசையில் அமர்ந்து காண்கிறோம். “வராது” என்று பிறர் சொன்னதை, இப்போது நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டோம். எம்மிடம் அன்று சொன்னவர் ஒருவர்தான். அதை நம்பி நாற்பது வயது வரை சுமந்தவர் யாமே.

ஆதலால் இவ்விழாவில் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம். ஒன்று, கழகக் கட்டடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் கணித வகுப்பு நடைபெற வேண்டும். பட்டம் பெற்ற நம் இளைஞர் ஒவ்வொருவரும் திங்களுக்கு ஒரு மாலை கொடுத்தால் போதும். யாமும் வருவோம், கற்பிக்கத் தெரிந்ததைக் கற்பிப்போம், தெரியாததை உடன் அமர்ந்து கற்போம். இரண்டு, வகுப்புக்கு வரும் ஒவ்வொருவரும் முதல் வாரப் பயிற்சியாக, வீராணத்திற்கு வரும் நீரின் அளவை ஏழு நாள் செய்தித்தாளில் பார்த்து எழுதி, மொத்தம் கண்டு கொண்டுவர வேண்டும். கரும்பலகையில் எழுதி ஒருவர் விடையை மற்றவர் திருத்துவோம்.

எம் தந்தையார் இன்று இல்லை. அவர் இழந்த அரைக்கலத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. ஆனால் அவருடைய பேரப் பிள்ளைகள் எந்தக் களத்தில், எந்த அலுவலகத்தில், எந்த ஆய்வுக்கூடத்தில் நின்றாலும், “ஐயா, இது பிழை; சரியான கூடுதல் இது” என்று எழுதிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நடந்து வருகிறது என்று யாம் நம்புகிறோம்.